டெசிபல் அண்ணாச்சியும் என் இடது காதும்

தூத்துக்குடியில் டெசிபல் அண்ணாச்சிக்குப் பயப்படாத செல்போனே கிடையாது. துறைமுகத்துக் கப்பல்கூட அவர் நிற்கும் திசையைப் பார்த்து அடக்கித்தான் சங்கு ஊதும் என்பார்கள். என்பார்கள் என்றால், நான்தான் சொல்வேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் அவர் கணக்கர். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்ட நாளிலிருந்து மனிதருக்கு வேறு வேலை ஓடவில்லை. யார் போன் அடித்தாலும் தன் போனை அதனருகே நீட்டி, எத்தனை டெசிபல் என்று அறிவித்துவிடுவார். ஒரு ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்துக்கு நடுவே யாருடைய போனோ அலறியது. அண்ணாச்சி எழுந்து போய் அளந்து, "எண்பத்தாறு" என்றார். அந்த அறிவிப்பு தொண்ணூறைத் தாண்டியிருக்கும். போதகர் அன்று ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். மீன் ஏலம் கூவுகிறவரையும் அண்ணாச்சி விடவில்லை. தொண்ணூற்றெட்டு என்றதும், அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒரு சீலா மீனைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

ஆபீஸுக்கென்று ஒரு சட்டமும் போட்டார். சனிக்கிழமை அளக்கும்போது யார் போன் அதிகமாகக் கத்துகிறதோ, அவர் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கித் தரவேண்டும். வாராவாரம் மாட்டியது நான். என் தலையைக் கண்டாலே பேக்கரிக்காரர் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். ஜெனரேட்டருக்கும் கன்டெய்னர் தூக்கும் வண்டிகளுக்கும் நடுவில் நிற்கிறவன் போனை வேறெப்படி வைப்பான்? மனிதருக்கு என்மேல் ஏதோ கடுப்பு என்றே நினைத்தேன். வீட்டிலும் நிம்மதி இல்லை. கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நடிக்கிறேன் என்று மனைவி பேச்சையே குறைத்துவிட்டாள்.

ஒரு மதியம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலிருந்து அண்ணாச்சி வந்து, மேஜையில் கவிழ்ந்து கிடந்த என் போனைத் திருப்பிக் காட்டினார். அது அடித்துக்கொண்டிருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதன் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, இப்போது தன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் குனிந்து மறுபடியும் சொன்னார்.

"இங்கன இருக்க எல்லாத்துக்கும் கேட்டுட்டு. ஒனக்குக் கேக்கல. கோளாறு போனுல இல்லலே, ஒன் காதுல இருக்கு. மாசாமாசம் நீ சத்தத்த ஏத்திக்கிட்டே போற. அதத்தான் பாத்துட்டு வாரேன்."

மக்ரூன் சட்டமே எனக்காக விரித்த வலை என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணாச்சிக்கு மக்ரூன் ஆசையும் உண்டு, அது வேறு.

அன்றைக்கே ஸ்கூட்டரில் ஏற்றிக் காது டாக்டரிடம் கொண்டுபோனார். வருஷக்கணக்காக இரைச்சலில் நின்றதில் இடது காது பாதி போயிருந்தது, வலதும் மந்தமாகத் தொடங்கியிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் வலது காதும் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது யார்டுக்குள் காதுக்குக் கவசம், வெளியே வந்தால் இடது காதில் மிஷின். மிஷின் மாட்டிய அன்று மனைவி கொஞ்சம் அழுதாள். பிறகு அதுவரை சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். அண்ணாச்சியை வாழ்த்துவதா திட்டுவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வாழ்த்திக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் ஓய்வுபெற்று எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் இருக்கிறார். என் போன் இப்போதெல்லாம் யாருக்கும் தொந்தரவில்லாமல் முனகும். அவர் நம்பருக்கு மட்டும் கப்பல் சங்கு வைத்திருக்கிறேன். அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எடுத்ததும், எத்தனை டெசிபலில் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார். குறைத்துவிட்டேன் அண்ணாச்சி என்று பொய் சொல்வேன். யார் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போனாலும் போகட்டும், அவர் கூப்பிட்டுக் கேட்காமல் போய்விடக் கூடாது.