சுருங்கிக்கொண்டிருக்கும் சித்தப்பாவின் அவசர விண்ணப்பம்

கல்லீரல் ஆராய்ச்சிக் கூடத்தின் கலங்கரை விளக்கமும், நம் குடும்பத்தில் ஊசியைக் கண்டு மயங்காத ஒரே பிறவியுமான அண்ணன் மகளுக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் சித்தியும் தையல் மெஷினும் நலம். அங்கு நீயும் உன் மைக்ராஸ்கோப்பும் நலமாக இருக்கவேண்டும்.

போன ஸ்கேனில் என் கல்லீரலில் கொழுப்பு மண்டிக் கிடப்பதாகச் சொன்னார்களல்லவா, உடனே நீ ஆராய்ச்சிக்கு ஒரு துளி ரத்தம் என்று கேட்டு ஒரு குடம் வாங்கிப் போனாயே, அந்த ரிசல்ட் டாக்டருக்கு வந்தது. அவரை நீ பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்தால்தான் நான் நிற்கும் உயரம். அப்பேர்ப்பட்டவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கம்மியா இருக்கு" என்றால் எப்படி இருக்கும், சொல். "இந்த வயசுல அது உயரத்துக்கு இல்லைங்க. கல்லீரல்ல கொழுப்பு சேராம பாத்துக்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. தொப்பை கூடினா அது குறையும், அது குறைஞ்சா கொழுப்பு கூடும். நடங்க, இனிப்பைக் குறைங்க, நல்லா தூங்குங்க, ஆழ்ந்த தூக்கத்துலதான் அது நிறைய சுரக்கும். இப்படியே விட்டா கல்லீரல் தழும்பேறிடும், அப்புறம் மீட்கறது கஷ்டம்" என்றார். இதில் பாதியைத்தான் என் காது வாங்கிக்கொண்டது. மீதியைப் பயம் வாங்கிக்கொண்டது.

நடந்தேன். எங்கள் தெருவைத் தாண்டாமலேயே உலகத்தை இரண்டு சுற்று சுற்றியிருப்பேன். சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். கட்டிங் மேஜையே இடிந்து விழுந்தாலும் எழாத தூக்கம் தூங்கினேன். அதற்குக் கிடைத்த பரிசைக் கேள். என் பழுப்பு பேண்ட் திடீரென்று தரையைக் கூட்ட ஆரம்பித்தது. துணி வளராது, அதை வெட்டித் தைத்தவன் நான். அப்படியென்றால் குறைந்தது யார்? பேண்ட்டின் காலை ஒரு விரல் அளவு மடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் மறுபடியும் கூட்டியது. பயந்துபோய் எல்லாப் பேண்ட்டின் காலையும் வெட்டி மடித்துத் தைத்தேன். சட்டை தைக்க வந்த வாத்தியார் வேறு, "என்ன மாஸ்டர், உக்காந்துகிட்டே நடக்கறீங்களா?" என்கிறார். "வாங்க இப்படி, டேப் வச்சுப் பாத்துடலாம்" என்றாள் சித்தி. ஊருக்கே அளவெடுக்கிறவன் அடுத்தவரிடம் அளவு கொடுப்பதா? பழைய பேண்ட்டை விரித்து, அதன்மேல் துணியைப் போட்டு வெட்டித்தானே இத்தனை வருஷமாக நான் தைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

நடக்க நடக்கத்தான் தேய்கிறேன், ஆகவே நடையை இன்றோடு நிறுத்துகிறேன். திங்கட்கிழமை ஸ்கேனுக்கும் போவதாயில்லை. நீ உடனே வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு ஏற்பாடு செய். தாமதித்தால் அடுத்த கடிதத்தை நான் ஸ்டூல்மேல் ஏறி நின்று எழுதவேண்டி வரும்.

நீ எல்லா வளமும் பெற்று, முக்கியமாக உயரம் குறையாமல், நூறாண்டு வாழ வாழ்த்தும்,
மிச்சமிருக்கும் சித்தப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சித்தி பிடுங்கிப் படித்துவிட்டாள். சிரிக்கக்கூட இல்லை, நேராக டேப்பை எடுத்தாள். உயரம் கல்யாணத்தன்று இருந்த அதே உயரம். அப்புறம் இடுப்பைச் சுற்றினாள். டேப் கை நிறைய மிஞ்சியது. "இத்தனை வருஷமா பேண்ட்டைத் தாங்கிட்டு இருந்தது தொப்பைதான். அது கரைஞ்சுது, பேண்ட் இறங்கிடுச்சு. இதுல மாஸ்டராம்" என்றவள், திங்கட்கிழமை என்னை ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறதாம். "கல்லீரல் தேறி வருது, நடையை மட்டும் விட்டுடாதீங்க. ஹார்மோனையும் திரும்பப் பாப்போம், ஏறியிருக்கும்னு நம்பறேன்" என்றார் டாக்டர். எனவே ஊசி வேண்டாம். வேண்டுமானால் இன்னொரு குடம் ரத்தம் எடுத்துக்கொள். ஒரே சங்கடம், இடுப்பைப் பிடித்துத் தைத்ததும், நான் காலை வெட்டிய பேண்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கின்றன. கேட்கிறவர்களிடம் வளர்ந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.