கறுப்பு எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

புதிதாக ஒரு வித்தை கற்றவனிடம் வீட்டுக் கல்யாண வேலையைக் கொடுக்கவே கூடாது. உயிரோடு இருந்த அம்மாவுக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் மூன்று மாத டிடிபி கோர்ஸ் முடித்திருந்தேன். அதில் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது ஒரே எழுத்துதான். அந்தக் காலத்து ஐரோப்பியப் பாதிரிமார் பைபிளை நகலெடுத்த, கொம்பும் முள்ளுமான ஆங்கில எழுத்து. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை அதில்தான் அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எல்லாமே கேப்பிட்டல், அதுவும் கறுப்பு மையில். (எங்கள் பக்கம் கறுப்பில் வருவது கருமாதிக் கடிதாசி மட்டும்தான். தெரிந்தும்தான் செய்தேன், எருமை.) மூலையில் மஞ்சள் தடவினால் டிசைன் கெட்டுவிடும் என்று அதையும் விட்டேன்.

தாய்மாமனை நேரில் போய்த் தட்டு வைத்து அழைப்பது முறை. அதற்கு அப்பா நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் என் திறமையை மாமா பார்க்கட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் ஒன்றைக் காங்கேயத்துக்குத் தபாலில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மாமா வந்து நின்றார். கையில் மாலை, கக்கத்தில் துணிக்கடைப் பை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கண்டதும் உடைந்துவிட்டார்.

"மொகத்தைக்கூடக் காட்டாம எடுத்துப்போட்டீங்களே மச்சான். ஒரு தந்தி குடுத்திருக்கக் கூடாதுங்களா?"

"ஆரையப்பா?" என்றார் அப்பா.

"எங்கக்காவைத்தானுங்க."

அம்மாவுக்கு அப்போதுதான் ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. கவரில் எங்கள் விலாசம், உள்ளே கறுப்பு எழுத்து, மஞ்சள் கிடையாது. மாமாவின் பக்கத்து வீட்டு இங்கிலீஷ் வாத்தியாரே ஒரு வார்த்தை வாசிக்க முடியாமல், "சங்கதி நல்லதா இருக்காதுங்க" என்று கையை விரித்தாராம்.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். அவ்வளவு பெரிய மீசை வைத்த மனுஷர். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அம்மா பையைப் பிரித்தார். படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்க வாங்கிய கோடிச் சேலை. அரக்கு நிறம், நல்ல ஜரிகை.

"உசுரோட இருக்கறப்ப இப்படி ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கியா கண்ணு?" என்று தம்பியைக் கேட்டார்.

பத்திரிகையைச் சிவப்பில், தமிழில் மறுபடி அடித்தோம். அத்தனைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது நான்தான். அம்மா முகூர்த்தத்துக்கு அந்தச் சேலையையே கட்டிக்கொண்டார்.

இப்போதும் தீபாவளி நெருங்கினால் என்னைக் கூப்பிடுவார்.

"கண்ணு, உங்க மாமனுக்கு அந்தக் கறுப்பு எழுத்துல ஒரு கடிதாசி போடு. சேலையெல்லாம் பழசாயிருச்சு."