வாய் திறக்காத ஒரு வாரம்

என் மனைவியை ஏமாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். அவளுடைய நன்மைக்காகத்தான். கல்யாணமானதிலிருந்து என் நன்மைக்காக அவளை ஏமாற்ற நான் செய்த முயற்சி ஒன்றுகூட உருப்பட்டதில்லை. அவள் நன்மைக்காகச் செய்தாலாவது பலிக்காதா என்று ஒரு நப்பாசை.

விஷயம் இதுதான். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். நான் மனசுக்குள் நினைப்பதையே படிக்கிறவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா? கடை முதலாளி இப்போது இன்னொரு கடை திறக்கிறார். அதன் மொத்தப் பொறுப்பையும் அவளிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஒரே சிக்கல், மதியம் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "சாயங்காலம் பொண்ணுங்க பசியோட வருவாங்க. யார் பாக்கறது?"

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் கோபமாக இருந்தால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு ஒரு ஸ்பூன்கூடச் சத்தம் போடவில்லை. வருத்தமாக இருக்கிறாள் என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாக அந்தக் கடையில் ஓரமாக நின்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தவள். தனக்கென்று ஒரு நாற்காலி வரும்போது அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். 

'நான் சமைக்கிறேன், நீ போ' என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் சிரிக்க மாட்டாள். அதைவிட மோசம், பரிதாபப்படுவாள். நான் சமையலறைக்குள் நுழைந்தாலே போதும், கூடத்தில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிடுவாள். தீயைக் குறைக்கச் சொல்வாள். கிளறச் சொல்வாள். அந்தக் கரண்டி இல்லை, மற்றது என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு என் கையில் இருப்பது எந்தக் கரண்டி என்று எப்படித் தெரிகிறது? இதுவரை எனக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும் கட்டளை போடுவது என் தொழில். நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எங்கள் வண்டியில் எனக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. லாரியின் முதுகில் முட்டப் போகிறவனை நான்தான் நிறுத்துவேன். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். "சபாஷ், கரெக்டா நிறுத்தினீங்க" என்று அவனிடமே சொல்லிவிடுவேன். அவனும் தானே நிறுத்தியதாக நம்பிக்கொண்டு மார்பை நிமிர்த்தி வீட்டுக்குப் போவான். தைரியம் வராமல் யாருக்கும் வண்டி வராது. இந்தப் பெருமையைச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி அளப்பேன். மனைவி மோர் ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

ஆகவே ஒரு பந்தயம் வைத்தேன்.

"ஒரு வாரம். சாயங்காலம் டிபன், ராத்திரி சாப்பாடு, ரெண்டும் என் பொறுப்பு. நீ கிச்சனுக்குள்ள வரக் கூடாது. வாயும் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை யோசனை சொன்னாலும் நீ தோத்த. அந்த வேலைக்குப் போயே ஆகணும்."

"நீங்க எதையாவது கருக்கினா?"

"நான் தோத்தேன். நீ வீட்டோட இரு."

யோசித்தாள். ரொம்ப நேரம் இல்லை. "சரி" என்றாள். பெரியவளை நடுவராக வைத்தோம். அவளுக்கு வயது பதின்மூன்று. நியாயம் பேசுவதற்கென்றே பிறந்தவள்.

இப்போது உங்களுக்கு மட்டும் ரகசியத்தைச் சொல்கிறேன். நான் ஜெயிப்பதற்குச் சமையல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவள் வாயைத் திறந்தால் போதும். என் மனைவி, நான் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஒரு வாரமா? முதல் நாள் டிபன் இறங்குவதற்குள் பந்தயம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சாயங்கால வகுப்புகளை எல்லாம் காலைக்கு மாற்றிவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

அவள் பால்கனியில் போய் உட்கார்ந்தாள். எங்கள் பால்கனி என்பது துணி காயும் கொடி, செருப்பு அலமாரி, கேஸ் சிலிண்டர் இவற்றுக்கு நடுவே மிச்சம் இருக்கும் இடம். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். நான் செய்வது எல்லாம் தெரியும். எனக்கு அதுதானே வேண்டும்.

பழம் நறுக்கும் சின்னக் கத்தியை எடுத்து வெங்காயம் வெட்டினேன். ஜன்னலில் சலனமில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன். நல்ல பூத்துவாலையில் கையைத் துடைத்தேன். துடைத்த இடத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டவும் செய்தேன். தொண்டையைக் கனைத்தாள்.

"பேசிட்டா!" என்றேன்.

நடுவர் வந்து இருதரப்பையும் விசாரித்தாள். கனைப்பு பேச்சில் சேராது என்று தீர்ப்புச் சொன்னாள். நான் கூடத்துக்கே போய் மேல்முறையீடு செய்தேன். விவாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது, முட்டையில் நனைத்த ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுவிட்டு வந்தது. ஓடினேன். பந்தயம் போச்சு, அவள் நாற்காலி போச்சு என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அடுப்பு அணைந்திருந்தது. ரொட்டி பொன்னிறத்தில் மொறுமொறுவென்று இருந்தது. இன்னும் அரை நிமிஷம் எரிந்திருந்தால் கரி. காற்றில் அணைந்திருக்கும் என்று நினைத்து, திருகை மூடி, மறுபடி பற்றவைத்தேன். நன்றாகவே எரிந்தது. சின்னவள் நாலு துண்டு தின்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் வெங்காயம், தக்காளி வதக்கி நூடுல்ஸ். வதங்கிக்கொண்டிருக்கும்போது என் மாணவர் ஒருவர் போன் செய்து, ரிவர்ஸ் எடுக்கும்போது முன்னால் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். அவருக்குப் புரியவைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்பு மறுபடி அணைந்திருந்தது. தக்காளி குழைந்து, அளவாக எண்ணெய் பிரிந்து நின்றது. அதற்கு மறுநாள் உருளைக்கிழங்கு வறுக்கும்போதும் அப்படியே. எனக்குக் கைராசி என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. இருந்தாலும் உள்ளூர ஒரு பயம். தானாக அணைகிற அடுப்பு ஆபத்தில்லையா? இவள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பிள்ளைகளும் நானும்தானே. அடுப்பு பழுது பார்ப்பவருக்குச் சொல்லிவைத்தேன். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று அவர் இழுத்துக்கொண்டே போனார்.

நடுவில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மனைவியைப் பேசவைக்கும் வேலையை மறந்துபோனேன். சமையல் என்னைப் பிடித்துக்கொண்டது. காலையிலேயே கிழங்கை வேகவைத்து, வெங்காயத்தை நறுக்கி டப்பாவில் போட்டுவிட்டால் சாயங்காலம் பாதி வேலை மிச்சம் என்று கண்டுபிடித்தேன். உலகம் இதை முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று நடுவர் சொன்னாள். மீந்த சோற்றில் முட்டையும் காய்கறியும் போட்டுப் பெரிய தீயில் கிளறினால் பத்து நிமிஷத்தில் நாலு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு. வெண்ணெயில் பூண்டும் மிளகுத்தூளும் போட்டால் பிள்ளைகளைக் கூப்பிடவே வேண்டாம். வாசனை போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

அப்படித்தான் ஒருநாள் சோளத்தை வெண்ணெயில் பிரட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவள் வந்து மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். பள்ளியில் அவளுடைய உயிர்த் தோழி இப்போது வேறு ஒருத்தியோடு உட்காருகிறாளாம். இவள் தனியாகச் சாப்பிடுகிறாளாம்.  கரண்டியில் கொஞ்சம் சோளம் எடுத்து ஊதிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் பேசினாள். அவளோடு இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சோளம் எத்தனை நேரம் அடுப்பில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆனால் கருகவில்லை. அன்றைக்கு அடுப்பை நான்தான் அணைத்தேன்.

ராத்திரி என் மனைவி இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள். பந்தய விதிப்படி வாயைத் திறக்காமல்தான். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டாள். அவள் கையால் சமைக்காத, ஆறாத சாப்பாடு அவளுக்கு எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவளுக்கு ஒரு முட்டை பொரித்துக்கொண்டு வந்தேன்.

வாரம் முடிந்தது. அவள் பேசவில்லை. நான் கருக்கவில்லை. அப்படியென்றால் பந்தயம் சமன். சமன் என்றால் அவள் வேலை என்ன ஆவது? இதை நான் யோசித்தே வைக்கவில்லை. பேசாமல் ஒரு கிழங்கைக் கருக்கி, நானே தோற்றுவிடலாமா என்று பார்த்தால், விதிப்படி அவள்தான் வீட்டோடு இருக்க வேண்டும். என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அடுப்பு பழுது பார்ப்பவர் ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

பர்னரைக் கழற்றினார். ஊதினார். ட்யூப்பைத் தடவினார். பால்கனிக்குப் போய் சிலிண்டரை முகர்ந்தார்.

"அடுப்புல ஒண்ணும் இல்லைங்க," என்றார். "இது தானா அணையணும்னா யாராவது சிலிண்டரை மூடணும்."

திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து என் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட ரொம்ப அக்கறையாக மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கூலியை வாங்கிக்கொண்டு போகும்வரை பொறுத்தேன்.

"நீயா?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"எப்போ மூடணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசனை மாறுமில்ல. நீங்க திருகை மூடற சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் திறப்பேன். பயப்படாதீங்க." சட்டையை மடி மேல் வைத்து நீவினாள். "முதல் மூணு நாள்தான். அதுக்கப்புறம் நான் தொடவே இல்லை. எல்லாம் நீங்களாத்தான் ஓட்டினீங்க."

சபாஷ் என்று மட்டும்தான் சொல்லவில்லை.  ஆனாலும் ஆண்பிள்ளை, சும்மா விடுவேனா? சட்ட நுணுக்கத்தைப் பிடித்தேன். வாயால் சொன்னாலும் கையால் செய்தாலும் உதவி உதவிதான். ஆகவே அவள் முதல் நாளே தோற்றுவிட்டாள். மறுபேச்சுப் பேசாமல் அந்தக் கடைப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வாதாடினேன்.

"சரி, தோத்துட்டேன்," என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கு ஓடி, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அறிவித்தேன். அம்மா புதுக் கடைக்குப் போகிறாள். பொறுப்பே அவளுடையதுதான். அப்பா ஜெயித்துவிட்டேன்.

பெரியவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்பா. அம்மாவுக்கு வெள்ளைக் கோட்டுகூடப் போன மாசமே தைச்சு வந்தாச்சு. கைதான் கொஞ்சம் நீளம்னு திருப்பிக் குடுத்திருக்கு."

நடுவரைப் பார்த்தேன். நடுவர் பென்சிலைச் சீவ எழுந்து போய்விட்டாள். மனைவியைப் பார்த்தேன். மடித்த துணிகளோடு வாசற்படியில் நின்றாள்.

"போன மாசமா? வேண்டாம்னு சொல்லிட்டேன்னு சொன்னியே."

"உங்ககிட்டதான் சொன்னேன். முதலாளிகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"ஏன் இப்படி?"

"நான் போறேன், நீங்க சமைங்கன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஒரு நாள் ரொட்டி வாங்கி வந்திருப்பீங்க. சாயங்கால வகுப்பை மாத்தச் சொன்னா முடியவே முடியாதுன்னு குதிச்சிருப்பீங்க. போகலைன்னு சொன்னேன். எல்லாத்தையும் நீங்களே மாத்திட்டீங்க."

 அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டேன். அன்றைக்குச் சத்தமே போடாமல் பாத்திரம் கழுவினாளே, அதுவும் நடிப்பா?

"அது இல்லை," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். நான் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு நினைச்சா பயமா இருந்துச்சு. அதான் பால்கனியில உட்கார்ந்து பாத்தேன்."

"பாத்து?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறாமையாக்கூட இருக்கு."

துணிகளை வாங்கி நாற்காலியில் வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எதிரில் நான் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலையாம். சந்தோஷமாகப் போய் வா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

இதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ யாருப்பா ஜெயிச்சது?"

"போய்த் தட்டை எடுத்து வை," என்றேன்.