பெட்ரோல் வாசனை வீசிய கல்யாணச் சாம்பார்

மூக்கு இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். அக்கா கல்யாணத்தில் ஓர் அண்டா சாம்பார் சாக்கடைக்குப் போனது.

வேலைக்குச் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான். பெட்ரோல் பங்குகளில் மண்ணுக்கு அடியில் புதைத்திருக்கும் டேங்குகள் கசிகின்றனவா, கசிந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் எதுவரை கெடுத்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் சென்னைக் கம்பெனி. (அம்மா ஊரில் சொன்னது: "பாப்பா பெட்ரோல் பங்குல வேல செய்யுது.") இந்த அவமானத்தைத் துடைக்க ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பங்கின் டேங்க் மேல் சந்தேகம். அதன் மதிலை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம், மண்டபத்தின் பின்னால் கிணறு. அந்த மண்டபத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம்.

"அங்கதான இருக்கப் போற, அப்படியே ஒரு பாட்டில் தண்ணி எடுத்துக்கினு வந்துடு" என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: சாப்பாட்டில் குறை இருக்கக் கூடாது. அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ சமையக்கட்டு பக்கமே போவாத" என்றாள். (என்னை நன்றாக அறிந்தவள்.)

கல்யாணத்தன்று காலை என் பட்டுப்புடவையில், சரியாகத் தோள்பக்கம், காபி கொட்டிவிட்டது. பட்டில் கறை பட்டால் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரைத் தேடுவதில்லை. சித்தி ஸ்கூட்டியிலிருந்து பெட்ரோல் எடுத்து, பஞ்சில் தாராளமாக நனைத்துத் தேய்த்து, ஈரத்தோடு மடிப்பெடுத்து ஊக்கு குத்திவிட்டாள்.

"காத்தாட நில்லு, வாசன பூடும்."

நான் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். பட்டுப்புடவையோடு ரப்பர் கையுறை மாட்டியதும் விஞ்ஞானியாகிவிட்டேன், புடவை மறந்தே போய்விட்டது. தண்ணீர் சேந்தி, பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். குப்பென்று பெட்ரோல்!

சமையல்கட்டுக்குள் ஓடினேன். "நிறுத்துங்க! கெணத்துல பெட்ரோல் கலந்திருக்குது!" சாம்பாரை முகர்ந்தேன், பெட்ரோல். சட்னியை முகர்ந்தேன், பெட்ரோல்.

"இன்னாமா சொல்ற, அது பெருங்காயம்மா!" என்று சமையல் மாஸ்டர் கத்தினார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. படித்த மகள் சொல்கிறாளே என்று சாம்பார் அண்டாவையும் சட்னியையும் கவிழ்க்கச் சொன்னார்.

அவசரமாகக் கேன் தண்ணீர் வந்தது. அதிலும் பெட்ரோல்.

"இது எங்கேர்ந்து வருது?"

"தாமல்லேர்ந்துமா."

தாமல் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கசிவு தாமல் ஏரி வரைக்கும் பரவிவிட்டது என்று முடிவுகட்டி மேனேஜருக்குப் போன் செய்தேன். (அவர் தாமலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டார்.) அடுத்து பாலை முகர்ந்துவிட்டு, மாடுகளுக்கும் ஆபத்து என்று அறிவித்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் ஆரத்தி எடுக்கப் பெண்ணின் தங்கையைக் கூப்பிட்டார்கள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அத்தை மூக்கைச் சுருக்கினார்.

"ஐயோ, பெட்ரோலு இந்தப் பொண்ணு மேலேந்துதான் வருது! கற்பூரத்த அணைங்கபா!"

மணமேடை நொடியில் காலியானது. மாப்பிள்ளை அக்காவையும் இழுத்துக்கொண்டு மாலையோடு குதித்தார். யாரோ தட்டைப் பிடுங்கினார்கள். சமையல் மாஸ்டர் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்டினார். பிறகு நிதானமாக இன்னொரு வாளி. (அது சாம்பாருக்காக.) கிணற்றுத் தண்ணீர்தான். வாய்க்குள்ளும் கொஞ்சம் போனது. இளநீர் மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாடு அதே தண்ணீரில் தடபுடலாக நடந்தது. ஆனால் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரைதான். அப்பா சர்க்கரைக் கிண்ணத்தோடு பந்தி பந்தியாகப் போய் மன்னிப்புக் கேட்டதை நினைத்து அழுதுவிட்டேன். அந்தக் கிணற்றிலேயே குதித்துவிடலாமா என்றிருந்தது. (சுத்தமான கிணறு.)

மறுவாரம் வேறொருவர் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் எடுத்தார். ஒரு குறையும் இல்லை. டேங்கும் கசியவில்லை. கசிந்தது நான்தான்.

இன்றும் நான் போனால் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அவர்கள் கல்யாண நாளன்று அந்த வீட்டில் இட்லிக்குச் சர்க்கரை மட்டும்தான். போன வருடம் பசியில், "சாம்பார் இல்லையா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"லேப்ல இருக்குதுமா" என்றார். "ரிசல்ட்டு இன்னும் வரல."