மூன்றாம் மேட்டின் வாரிசு

சீனாவின் மஞ்சளாற்றங்கரையில் அரசர் சமாதி ஒன்றைத் தோண்ட ஆரம்பித்தால் முதலில் வெளிப்படுவது எலும்பும் அல்ல, வெண்கலமும் அல்ல; வாரிசு. இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தரைக்குள் ஆழமாக இறக்கிய குழல் மண்வெட்டி மேலே கொண்டுவந்த மண்ணை அகழாய்வுக்காரர்களான நாங்கள் விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயிற்று வேலிக்கு அப்பால், தேநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கி, தொண்டையைச் செருமியபடி வந்து நிற்பார். ஆதாரம்? மன்னர் கெங் குலம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். இவர் பெயர் கெங் ஷோவ்யீ. போதாதா? அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநரும் இளவரசர்தான்; அவரும் ஒரு கெங்.

"பாத்துத் தோண்டும்மா, எங்க தாத்தா தூங்குறாரு."

"ரெண்டாயிரத்தஞ்ஞூறு வருஷமாத் தூங்குறவரு உங்க செருமலுக்கே எந்திரிக்கல பெரியவரே, என் மண்கரண்டிக்கா எந்திரிக்கப் போறாரு?" என்பாள் என்னோடு வேலை செய்யும் சின் மெய்யுன்.

சிங்மிங் நாளில் ஊரே தத்தம் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்ய, இவர் மட்டும் ஆறு வருடமாக, மன்னர் இருப்பதாக நம்பிய மூன்றாம் மேட்டில், இறந்தவர்களுக்கான காகிதப் பணம் எரித்து, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டார். சொந்த அப்பாவின் கல்லறையில் புல் இடுப்பளவு. அப்பா வெறும் செங்கல் சூளைக்காரர்தானே!

இந்த வருடம் குலத் தலைவர் தேர்வு. மேட்டுக்குள் மன்னர் இருந்தால் தலைமை இவருக்கு. இல்லாவிட்டால் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பங்காளி கெங் தாலூவுக்கு. மேட்டைத் திறந்த அன்று நாற்பது வீட்டுக் கெங்குகளும் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

முதலில் ஒரு பல் தெரிந்தது.

"என்னய்யா இது, இம்புட்டு நீளமா இருக்கு?"

"ராஜா பல்லுன்னா அப்படித்தான் இருக்கும்!"

அடுத்து தாடை. அப்புறம் கால்கள். நான்கு. சாயங்காலத்துக்குள் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு குதிரைகள், வாயில் கடிவாளத்தோடு. மன்னருக்காகப் புதைத்த குதிரைகளின் குழி அது; மன்னர் அதில் இல்லை.

"ஆறு வருஷமா குதிரைக்கா பணம் எரிச்சீங்க அண்ணே?" என்றார் தாலூ. "புல்லாவது போட்டிருக்கலாம்."

இனி இவர் தலைகாட்ட மாட்டார் என்றுதான் நினைத்தேன். செருமினார். "ராஜாவோட குதிரையைக் கும்பிடணும்னு வேற எவனுக்குடா தோணும்? ரத்தம்டா, ரத்தம்!"

நாற்பது வீடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது. இவர் அரச வாரிசு இல்லையென்றால் தாங்கள் மட்டும் யார்? ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக உயர்ந்தது தாலூவின் கை. ஷோவ்யீ தலைவரானார்.

அடுத்த சிங்மிங் அன்று பெரிய புல்கட்டோடு வந்து குழியோரம் வைத்துக் கும்பிட்டார். இவ்வளவு புல் எங்கே அறுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அப்பா கல்லறையிலதான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வம்சத்திலும் வாசலில் யானை கட்டிய தாத்தா ஒருவர் இருப்பாரே. அவர் மேட்டுப் பக்கம் எங்களை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். நாங்கள் நிதானமாகத் தோண்டுகிறவர்கள். பல் கிடைத்தால் யாருடைய பல் என்று சொல்லிவிடுவோம்.