தீகா சொல்லும்வரை ஆடாதீர்கள்

ஜோகூர் பாருவில், ஒரு தடவையாவது நடுத்தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்காத மனிதர் கிடையாது. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர் வேண்டுமானால் விதிவிலக்கு. மீன்காரர், ரிக்‌ஷாக்காரர், தலையில் கூடையோடு போகிற சீனத்தி என்று அத்தனை பேரும் தீகா அண்ணன் கையைத் தூக்கினால் நின்றார்கள். மிகைப்படுத்துகிறேனோ என்று எழுதிய பிறகு சந்தேகம் வந்தது. என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "மிகையா? மாட்டையெல்லாம் விட்டுட்டியே" என்றார்.

தீகா என்றால் மலாயில் மூன்று. அண்ணன், அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். என் கணவருக்கு அடுத்த மேசை. நாங்கள் குடியிருந்த கடைவீட்டிலேயே மாடியறை அவருடையது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை விட்டுச்சென்ற மரக் காமிரா ஒன்று அவரிடம் இருந்தது. காமிராவின் உள்ளே தானாகத் திறந்து மூடவேண்டிய பாகம் எப்போதோ செத்துவிட்டதால், முன்னால் இருக்கும் பித்தளை மூடியைக் கையால் கழற்றிக் கையாலேயே மாட்டவேண்டும். அந்த ஒரு நொடி யாரும் இமைகூடக் கொட்டக்கூடாது. எல்லா ஜாதி ஜனங்களுக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே எண்ணுவார். 'சத்து' என்றால் அவர் கை மூடிமேல் போகும். 'டுவா' என்றால் நம் மூச்சு நிற்கவேண்டும். 'தீகா' என்றால்தான் மூடி கழலும். நடுவில் ஒரு மேகம் வந்துவிட்டால் அது சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை தீகா வராது.

நாற்காலி, பூச்சாடி, சங்கிலி தெரியும்படி கோட்டு என்று நிற்க வைத்துப் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அது கடைக்காரன் வேலை என்பார். "தெரு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். உள்ளது உள்ளபடி. ஆனா ஆடக்கூடாது" என்பது அவர் சித்தாந்தம். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் சந்தையில் மலாய் மீன்காரர் ஒருவரைக் கத்தியை ஓங்கியபடி நிறுத்தினார். வாங்க வந்தவர்களும் பையை நீட்டியபடி நின்றார்கள். மேகம் வந்தது. "சப்பாட்லா, என்சே" என்று மீன்காரர் உதடு அசையாமல் கெஞ்சினார். சீக்கிரம் ஆகட்டும் ஐயா என்று அர்த்தம். அண்ணன் சொன்னது பூனைக்கு மட்டும் புரியவில்லை. கழுவிப் படத்தைப் பார்த்தால் மனிதர்கள் எல்லாம் கல்லில் செதுக்கியதுபோல் இருந்தார்கள். பலகைமேலிருந்து ஒரு சாம்பல் புகை மட்டும் மீனைக் கவ்விக்கொண்டு போயிற்று. இன்னொரு படத்தில் வண்டிமாட்டுக்கு இரண்டு தலை. எதையும் அவர் தூக்கி எறியமாட்டார். ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும் துணியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்.

கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குக் கிராணிமார் லாரி பிடித்துப் போனார்கள். நான் விடியலில் எழுந்து எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். மத்தியானம் கூடையைத் திறந்தால் உள்ளே தகடுகள். குலுங்காமல் வர அந்தக் கூடைதான் தோதாக இருந்தது என்று, சாதத்தை அண்ணன் எங்கள் அடுப்படியிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டினிக் கூட்டம் திட்டிய திட்டு எதுவும் அவர் காதில் விழவில்லை. இடுப்பளவு தண்ணீரில், கழுத்தில் அட்டை ஏறுவது தெரிந்தும், 'டுவா'வில் நின்றுகொண்டிருந்தாராம். அத்தனை பாடுபட்டு எடுத்த அருவியை நான் பார்த்தபோது, யார் வேட்டி இப்படிக் காய்கிறது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே குளியலறை. விடுமுறை நாட்களில் அதன் சன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, உள்ளே சிவப்புத்துணி சுற்றிய விளக்கோடு படம் கழுவுவார். வெளியே நாங்கள் துண்டும் செம்புமாக வரிசையில் நிற்போம். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "ஆடாதீங்க" என்று குரல் வரும்.

இந்த மனிதரிடம்தான் நான் என் குழந்தையைப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் போய் நின்றேன்.

காரணத்தை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். எழுதாமல் மேலே போக வழியில்லை. கமலி எங்களுக்கு இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை ஐந்தாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து நாகப்பட்டினத்தில் இருக்கும் அப்பாவுக்கு, பயப்படுவாரே என்று, 'குழந்தை சௌக்கியம், சௌக்கியம்' என்றே எழுதி வந்தேன். கடைசியில் ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி எழுதவேண்டி வந்தது. அதனால் கமலி பிறந்த பிறகு நான் எழுதிய எதையும் அப்பா நம்பவில்லை. 'நீ நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறாய். ஆனால் எழுத்து எனக்குப் போதாது. படம் அனுப்பு' என்று எழுதியிருந்தார்.

ஊரிலிருந்த ஸ்டூடியோவுக்கு முதலில் போனோம். கறுப்புத் துணிக்குள் ஒரு மனிதர் தலை மறைந்ததைக் கண்டதும் கமலி வைத்த அலறலில் எதிர்க்கடைக்காரரும் எழுந்து வந்துவிட்டார். ஆறு வயதானதும் கூட்டி வரச் சொன்னார்கள்.

தீகா அண்ணன் முதலில் மாட்டேன் என்றார். குழந்தை எடுப்பதும் பூச்சாடி எடுப்பதும் ஒன்று என்றார். நான் அப்பாவின் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "காலையில எட்டு மணிக்கு அஞ்சடியில வெளிச்சம் நல்லாருக்கும், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அஞ்சடி என்பது கடைவரிசைக்கு முன்னாலுள்ள மூடிய நடைபாதை.

மறுநாள் நான் கமலியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். படத்தில் என் தோளில் கிடந்த புடவைக் கரைகூடத் தெளிவாக விழுந்தது. கமலிக்கு நாலு கை; முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முகமில்லாத குழந்தை என்ன சகுனமோ என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் இன்னும் நாலு தகடு எடுத்தார். எல்லாம் அதே கதி.

பிறகு ஒரு நாள் குழந்தை தூங்கும்போது வந்து எடுத்துவிட்டார். அருமையான படம். ஒவ்வொரு இமைமயிரும் எண்ணலாம். நானும் மகிழ்ந்துபோய் உறையில் போட்டேன். ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் கண் மூடிய குழந்தையைப் படம் எடுத்து அனுப்புவது எப்போது? இதை அப்பா பிரித்துப் பார்த்தால்? உறையைக் கிழித்துக்கொண்டு மாடிக்கு ஓடி, எப்படியோ சொல்லி முடித்தேன். இரட்டைத்தலை மாட்டைக்கூட விடாத மனிதர், அந்தத் தகட்டை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பேனாக்கத்தியால் கண்ணாடி வெறுங்கண்ணாடி ஆகும்வரை சுரண்டினார்.

அதன்பின் அவர் பிடித்தது அசல் பிடிவாதம். தினமும் காலையில் காமிராவைக் கொண்டுவந்து அஞ்சடியில் நிறுத்துவார், படம் எடுக்கமாட்டார், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்குப் போவார். கமலி காமிராவுக்குப் பழகி அதன் காலைக் கடிக்க ஆரம்பித்தாள். பத்தாம் நாள் வாயைத் திறந்தார்.

"குழந்தை ஆடல, தங்கச்சி."

"ஆடலன்னா நாலு கை எப்படிண்ணே வந்துச்சு?"

"நீங்கதான் ஆட்டுறீங்க. பத்து நாளா பாக்குறேன், ஒரு நிமிசம் நிப்பாட்ட மாட்டேங்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். அப்போதும் என் முழங்கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. தட்டுவேன், குலுக்குவேன், தூங்கினால் கன்னத்தைத் தொட்டு எழுப்புவேன். அசையாமல் கிடக்கும் குழந்தையை நான் ஒரு தடவை பார்த்தவள். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"கீழ விடுங்க. எதிர்ல போய் உக்காந்து அரிசி புடைங்க" என்றார்.

"விழுந்துட்டா?"

"விழுந்தா அழும். அழுதா நல்லாருக்குன்னு தெரியும்லா. போங்க."

அவளைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, ஆறடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அந்த ஆறடி எனக்கு நாகப்பட்டினத்தைவிடத் தூரமாக இருந்தது. முறத்தை எடுத்துப் புடைத்தேன். அரிசி எழும்பி விழுந்தது. கமலியின் கண் அதிலேயே நின்றது; வாய் பிளந்தது; கை அப்படியே பாயில் ஊன்றிக் கிடந்தது. அண்ணன் சத்து சொன்னார். டுவா சொன்னார். எழுந்து ஓடித் தூக்கிவிடலாமா என்று என் உடம்பு தவித்தது. கையை மட்டும் நிறுத்தாமல் புடைத்தேன். அன்று அவர் தீகாவை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை திரும்பிவிடுமே. மூடி சத்தமில்லாமல் கழன்று, சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டது.

படத்தில் கமலிக்கு இரண்டே கை. இரண்டு பல். மோவாயில் எச்சில். கண் முழுசாகத் திறந்திருந்தது. எதிரே நான்தான் கழுத்துக்குக் கீழே வெறும் புகை. இன்னொன்று எடுக்கட்டுமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். சேர்த்த பிறகு, சரியான படம்தானா என்று நாற்பது நாள் கவலைப்பட்டேன்.

அப்பாவின் பதில் வந்தது. 'குழந்தைக்கு உன் அம்மாவின் கண். நம்பிவிட்டேன். எதிரே புகைபோல் இருப்பது நீயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? படம் எடுத்தது யார்?'

யார் என்று எழுதுவது? மாடியறைக்காரர் என்றா, இவரோடு வேலை பார்ப்பவர் என்றா? மூன்று தடவை எழுதி அடித்துவிட்டு, கடைசியில் 'அண்ணன்' என்று மட்டும் எழுதினேன். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. விளக்கமாக எழுதியிருக்கலாமோ என்று பதில் வரும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பா விளக்கம் எதுவும் கேட்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியில், 'உன் அண்ணனையும் வேளைக்குச் சாப்பிடச் சொல்' என்று எழுதியிருந்தார்.