ஆண்டவருக்குப் போட்ட நாற்காலி

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கு,

சபையின் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரும் பழைய தச்சன் பணிவோடு எழுதுவது. உங்கள் ஜெபத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, 'வீட்டை ஆலயமாக்குங்கள், வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்' என்று பிரசங்கம் பண்ணினீர்கள். நல்ல பிரசங்கம், நான்கூடத் தூங்கவில்லை. முடித்துவிட்டு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள், பிரசங்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாளே என் அறை ஜெப அறையாகிவிட்டது. என் கட்டிலைச் சலவை மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அது துணி பிழியும்போது நானும் கூடவே குலுங்குகிறேன். அதுகூடப் பரவாயில்லை, வயசான உடம்புக்கு அசைவு நல்லது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து சாப்பாட்டு மேஜைக்கு வந்தார்கள்.

அந்த மேஜையும் ஆறு நாற்காலிகளும் என் மகன் கல்யாணத்துக்கு நானே செய்தவை. ஓர் ஆணிகூட அடிக்காமல், மரத்தை மரத்தில் கொளுவி, மூன்று மாதம் இழைத்தது. வீட்டில் ஆறு பேர்: மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், சம்பந்தியம்மா, நான். கணக்கு சரியாக இருந்தது. மருமகள் ஒரு நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, "இது ஆண்டவருக்கு. இனிமே இதுல யாரும் உக்காரக் கூடாது" என்றாள். நல்ல காரியம்தான் அம்மா என்றேன். சொல்லிவிட்டு எண்ணிப் பார்த்தால் மிச்சம் ஐந்து. ஏழாவதாக ஒன்று செய்து தருகிறேன் என்றதற்கு, போட்டால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க முடியாதாம். "நீங்கதானே பெரியவங்க, விட்டுக் குடுங்கப்பா" என்றான் மகன். விட்டுக்கொடுத்தேன். பரண் சாமான் எடுக்க ஏறும் பிளாஸ்டிக் ஸ்டூலைச் சமையலறையில் மிக்சிக்குப் பக்கத்தில் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். அங்கே அவர்கள் 'எங்களோடு வந்து அமரும் ஆண்டவரே' என்று ஜெபிக்கிறார்கள். நான் இங்கிருந்தே ஆமென் போடுகிறேன். மிக்சி ஓடினால் கத்திப் போடுகிறேன்.

விருந்தோம்பலும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குடும்பம் வருகிறது. அன்றைக்கு எங்கள் பிள்ளைகளை முதலிலேயே சாப்பிட வைத்து எழுப்பிவிடுவார்கள். ஆண்டவரின் நாற்காலியை மட்டும் எழுப்புவதில்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். போன வாரம் வந்த அம்மாள், நான் தண்ணீர் ஜாடியோடு வெளியே வந்ததைப் பார்த்து, "நீங்க இங்க எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?" என்று அன்பாகக் கேட்டாள். "முப்பத்தெட்டு வருஷமாம்மா" என்றேன். என் மகனுக்கு வயது முப்பத்தெட்டு. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். 'இவர் எங்க அப்பா' என்று மூன்று வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் ஐயா? அந்த நேரத்தில் அவன், "அந்தப் பக்கம் தண்ணி இல்ல, பாருங்க" என்றான். வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. வெள்ளைத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகுக்கு எவ்வளவு இதம் தெரியுமா! நான் செய்ததாயிற்றே. அந்த நேரம் பார்த்து மருமகள் வந்து நின்றாள்.

"மாமா! எந்திரிங்க! அது யாரோட இடம்?"

"நான் செஞ்ச நாற்காலிம்மா."

"செஞ்சது நீங்க. உக்கார்றவரு அவரு."

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் தலைப்பே நான்தான். என் பெருமை உடைய வேண்டும் என்று சம்பந்தியம்மா கால் மணி நேரம் மன்றாடினார்கள். எனக்கு முழங்கால்தான் உடைந்தது.

நீங்கள் சொன்னால் என் மகன் கேட்பான். அதனால் வருகிற ஞாயிறு தயவுசெய்து வீட்டுக்கு வந்து, அந்த நாற்காலியில் அப்பாவை உட்காரச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் தச்சர், மூன்று மாத வேலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

உங்களையும் அம்மாவையும் பிள்ளைகளையும் கர்த்தர் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். உங்கள் மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் இடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடைசி வரிசைத் தச்சன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பேச வேண்டாம் ஐயா. இதை உறையில் போடும்போதுதான் செய்தி வந்தது, ஞாயிறு விருந்துக்கு உங்களைத்தான் அழைத்திருக்கிறார்களாம். 'ஊழியக்காரர் உட்கார்ந்தா ஆண்டவரே உட்கார்ந்த மாதிரி' என்று மருமகள் அந்த நாற்காலியை உங்களுக்கே ஒதுக்கிவிட்டாள், துணியைக்கூடத் துவைக்கப் போட்டாயிற்று. "அப்ப ஆண்டவர் எங்க உக்காருவாரு?" என்று பேத்தி கேட்டாள். நீங்கள் கவலைப்படாமல் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சமையலறையில் ஸ்டூல் இருக்கிறது. அவரும் நானும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறோம்.